கற்சிலைமடுக் கல்லும் பண்டாரவன்னியன் முடிவும்

ஒருவர்தம் வாழ்க்கை வரலாற்றை எழுதப் புகுவார்க்குப் பிறந்த நாளும் இறந்த நாளும் இரு கரைகள் போல்வன. அவற்றிடையே வாழ்வென்னும் ஆறு ஒழுகிச் செல்லும். வன்னிப் பெருநிலத்தின் இறுதிக் காவலன் எனப் போற்றப்படும் பண்டாரவன்னியன் வரலாற்றிலோ இவ்விரு கரைகளும் தெளிவாகப் புலப்படுவனவல்ல. அவன் பிறந்த ஆண்டு பற்றி ஒருமித்த கருத்தில்லை. இறந்த ஆண்டு பற்றியோ ஒன்றோடொன்று பொருந்தாத இரு கூற்றுக்கள் வழங்குகின்றன. நாள் குறித்து ஐயமின்றிச் சொல்லத்தக்க செய்திகள் இரண்டே. 1803ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆந் திகதி முல்லைத்தீவுக் கோட்டையை அவன் கைக்கொண்டான் என்பது ஒன்று. அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி கற்சிலைமடுவில் அவன் தோல்வியுற்றான் என்பது மற்றொன்று. இவற்றிடைப்பட்ட காலம் 67 நாட்கள். இந்த 67 நாட்களைக் கொண்டே இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அவன் மக்கள் நெஞ்சில் நிலைபெற்று வாழ்கின்றான்.

அவ்வண்ணம் வாழ்பவன் எங்கே, எவ்வாறு, எப்பொழுது இறந்தான் என்னும் வினாவை ஈண்டு எடுத்துக் கொள்வோம். இது வெறுந் திகதி ஆராய்ச்சியன்று. ஒரு கல்லில் உள்ள ஒரு சொல்லை நாம் எவ்வாறு படித்தோம் என்பதும், அங்ஙனம் படித்தமையால் எதனைப் பெற்றோம், எதனை இழந்தோம் என்பதுமே இங்கு ஆராயத்தக்கன.

ஆங்கில மன்னர் மூவர்

அரசர் இறப்பு மருமமாய் முடிதல் எந்நாட்டிற்கும் பொது. பண்டாரவன்னியனை வென்ற ஆங்கிலேயரின் சொந்த நாட்டு வரலாறே இதற்குத் தக்க சான்றாகும்.

1066ஆம் ஆண்டு ஹேஸ்டிங்சுப் போர்க்களத்தில் ஹரோல்டு மன்னன் வீழ்ந்தான். கண்ணில் அம்பு தைத்து வீழ்ந்தான் என்பர் சிலர். வாளால் வெட்டுண்டு வீழ்ந்தான் என்பர் வேறு சிலர். அவனை இழக்க மனங்கொள்ளாத மக்களோ, அவன் களத்தில் இறந்திலன், புண் ஆறி எழுந்து செஸ்டர் நகரில் துறவியாய் நெடுங்காலம் வாழ்ந்தான் என்றொரு கதையை வழங்கினர். அவனுக்குப்பின் வந்த நோர்மானிய மரபினனாகிய இரண்டாம் வில்லியம், 1100ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆந் திகதி வேட்டைக் காட்டில் அம்புபட்டு மாண்டான். அது தவறிப் பட்ட அம்போ, தம்பிக்கு முடி சூட்டுவதற்காகக் குறிவைத்து எய்த அம்போ என்னும் வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை. 600 ஆண்டுகளுக்கு மேற் கழிந்தபின், 1745இல், பிரபு ஒருவர் அக்காட்டில் ஒரு கல்லை நாட்டி இதுவே அவன் வீழ்ந்த இடமென வரையறுத்தார். கல் நின்றமையின் மக்கள் நம்பினர். இன்றைய ஆராய்ச்சியாளர் சிலர் அவன் வீழ்ந்த இடம் அதுவன்று, கல் நிற்குமிடத்திற்குத் தொலைவிலுள்ளது என்கின்றனர்.

மூன்றாமவன் இரண்டாம் எட்வேட்டு. அரசுரிமை பறிக்கப்பட்டு 1327இல் பார்க்கிலிக் கோட்டையில் சிறையிருந்தபோது இறந்தான் என அறிவிக்கப்பட்டது. குளோஸ்டர் நகரில் அரச மரியாதையோடு அடக்கமும் நடைபெற்றது. ஆயின், சிறையினின்றுந் தப்பி இத்தாலி நாட்டை அடைந்து துறவியாய் வாழ்ந்தான் எனக் கூறும் பாதிரியார் ஒருவரின் கடிதம், பல நூற்றாண்டுகளின் பின் பிரான்சு நாட்டு ஆவணக் களரியொன்றிற் கண்டெடுக்கப்பட்டது.

இம்மூன்றினும் நாம் கருத்திற் கொள்ளத்தக்கவை இரண்டு. மக்கள் தம் தலைவனைச் சாவிலிருந்து மீட்க விரும்புவர் என்பது ஒன்று. நாட்டிய கல், நாளடைவில் சான்றாகிவிடும் என்பது மற்றொன்று. பண்டாரவன்னியன் வரலாற்றில் இவற்றுள் முன்னையது தலைகீழாகவும் பின்னையது அவ்வாறே நேராகவும் நிகழ்ந்தன. அஃது எங்ஙனம் என்பதை அறிய, அவன் தோன்றிய நிலத்தையும் காலத்தையும் முதலில் அறிதல் வேண்டும்.

வன்னிமையும் அந்நியரும்

வடக்கே ஆனையிறவு, தெற்கே அநுராதபுரத்தைச் சூழ்ந்த நுவரகலாவிய நாடு, மேற்கே மன்னார்க் கடல், கிழக்கே முல்லைத்தீவுக் கடல். இவ்வெல்லைகளினுட்பட்ட காடும் குளமும் வயலுமே வன்னி. பனங்காமம், மேற்பத்து, முள்ளியவளை, கருநாவற்பத்து, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி முதலிய பற்றுக்களாக அது பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு பற்றையும் வன்னியர் எனப்பட்ட தலைவர் ஆண்டனர். யாழ்ப்பாண அரசு வலியுற்றிருந்த காலத்து அதற்குத் திறை செலுத்தியும், அது மெலிந்த காலத்துத் தம் விருப்பப்படி நடந்தும் அவர் வாழ்ந்தனர். அவர்தம் பூர்விகத்தை வையாபாடல் முதலிய நூல்கள் கூறும்.

போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைக் கவர்ந்தபோதும், 1658இல் அதனை ஒல்லாந்தர் கைப்பற்றியபோதும், வன்னியர் முற்றாக அடங்கினாரல்லர். ஆண்டுதோறும் 40க்கு மேற்பட்ட யானைகளைத் திறையாக அளிக்க அவர் கடப்பாடுடையராயிருந்தனர். எனினும் அத்திறை ஆண்டுக்காண்டு நிலுவையாகவே நின்றது. யானை பிடிக்கும் காட்டை அறிந்தவர் வன்னியர். கணக்கு எழுதும் ஏட்டை அறிந்தவர் ஒல்லாந்தர். ஏடு காட்டினுள் நுழைய இயலவில்லை.

1782இல் ஒல்லாந்தர் படையெடுத்து வன்னிமைகளை ஒடுக்கினர். அப்போர் அவர்க்கு எளிதாயிருந்ததன்று. எதிர்த்து நின்ற வன்னிச்சி ஒருத்தியைச் சிறைப்பிடித்துக் கொழும்பிற் காவலில் வைக்கும் அளவிற்கு எதிர்ப்பு வலிதாயிருந்தது. அதன்பின் லெப்டினன் நாகெல் என்பவன் முல்லைத்தீவிலிருந்து வன்னியை நிருவகித்தான். வன்னியைப் பற்றி 1793இல் அவன் எழுதி வைத்த குறிப்பு இன்றும் ஆராய்ச்சியாளர்க்குப் பயன்படுவது. 1795ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி ஆங்கிலேயர் முல்லைத்தீவை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். ஆண்டோர் மாறினர், ஆளப்பட்டோர் நிலை மாறவில்லை. சென்னையிலிருந்து வந்த ஆங்கில அலுவலர் புதிய வரிகளையும் புதிய தண்டல்காரரையும் கொண்டுவந்தமையால் இலங்கையின் பல பாகங்களிலும் 1797இல் கலகம் மூண்டது.

இக்காலத்தே பாக்கு நீரிணையின் அக்கரையில், அஃதாவது தமிழகத்திலும், இதே நாடகம் வேறு பெயர்களோடு நடைபெற்றுக் கொண்டிருந்தது. 1799இல் வீரபாண்டியக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801இல் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். பாளையக்காரர் என்பவர் அங்கு எத்தன்மையரோ, வன்னியர் என்பவர் இங்கு அத்தன்மையர். பாளையங்கள் அடங்கி ஈராண்டு கழியுமுன் வன்னி எழுந்தது.

அறுபத்தேழு நாட்கள்

குலசேகரம் வைரமுத்துப் பண்டாரவன்னியன் என வழங்கும் நம் தலைவன் இச்சூழலில் தோன்றியவன். அவனுக்கு முன்னோர் விட்டுச் சென்றது முடியுமன்று, கோட்டையுமன்று. ஒடுக்கப்பட்ட வன்னிமையின் நினைவும், காட்டு வழிகளை அறிந்த குடிகளின் அன்புமே அவன் முதலாயின. தக்க காலம் வாய்க்கும்வரை அவன் காத்திருந்தான்.

காலம் கண்டியில் வாய்த்தது. 1803ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஆங்கிலத் தேசாதிபதி நோர்த்து கண்டியின்மேற் படையனுப்பினான். ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் தலைநகரை விட்டு நீங்க, வெறுமையாகக் கிடந்த நகரினுள் ஆங்கிலேயர் புகுந்து முத்துசாமி என்பவனை அரசனாக்கினர். மழையும் காய்ச்சலும் பசியும் அப்படையை அரித்தன. ஜூன் 24ஆந் திகதி கண்டியர் திரண்டெழவே மேஜர் டேவி சரணடைந்தான். முத்துசாமி கொல்லப்பட்டான்; சரணடைந்த படையினரும் கொல்லப்பட்டனர். டேவி மட்டும் பல்லாண்டு கண்டியிற் சிறையிருந்து மடிந்தான். ஆங்கிலேயர் வெல்லற்கரியர் என்னும் எண்ணம் அன்றோடு உடைந்தது.

கண்டியோடு எல்லையால் நெருங்கியிருந்த வன்னியில் இச்செய்தி தீப்போற் பரவியிருத்தல் வேண்டும். பண்டாரவன்னியன் கண்டியரின் துணையையும் பெற்றான். இரு திங்கள் கழிந்து, ஓகஸ்ட் 25ஆந் திகதி, முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான். அக்கோட்டைக்குத் தலைவனாயிருந்தவன் கப்டன் வொன் டிறிபேக். தாக்குதலைத் தாங்கமாட்டாது அவன் தன் படையினரோடு தோணியேறிக் கடல்வழியாக யாழ்ப்பாணம் சென்றான். ஒரே வாள்வீச்சில் அறுபதின்மரைப் பண்டாரவன்னியன் வீழ்த்தினான் என்பது செவிவழிக் கதை. கதையை நீக்கினும் உண்மை சிறிதாகிவிடாது. ஐரோப்பியர் கையிலிருந்த கடற்கரைக் கோட்டையொன்றை வன்னித் தலைவன் ஒருவன் வென்று கைக்கொண்டான். காவற்படை கடலையே வழியாகக் கொண்டு ஓடிற்று. வன்னி வரலாற்றில் இதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்கது பிறிதொன்றில்லை. வடபாலுள்ள நிலமெல்லாம் அவன் ஆணைக்குட்பட, ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணக் குடாநாட்டினுள்ளும் அவன் புகுந்துவிடுவான் என ஆங்கிலேயர் அஞ்சினர்.

அச்சத்தின் அளவு அவர் அனுப்பிய படையின் அமைப்பாற் புலப்படும். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்னும் மூன்று திசையினின்றும் படைகள் வன்னியை நோக்கிப் புறப்பட்டன. அவற்றுள் ஒரு படைக்குத் தலைவன் முல்லைத்தீவை விட்டோடிய அதே டிறிபேக். இழந்த மானத்தை மீட்க வந்தவனுக்கு விரைவு மிகுதியாயிருத்தல் இயல்பே. ஒட்டுசுட்டானுக்கு அணித்தாகிய கற்சிலைமடுவிற் பண்டாரவன்னியன் தங்கியிருந்தபோது, ஒக்டோபர் 31ஆந் திகதி விடியற்காலையில், எதிர்பாராவகை அவன்மேற் பாய்ந்தான். வன்னிப்படை நிலைகுலைந்தது. 67 நாள் நின்ற ஆட்சி ஒரு வைகறையில் முடிந்தது.

கதையும் காக்கைவன்னியனும்

இதுகாறும் சொல்லப்பட்டவற்றிற் பெரும்பாலும் கருத்து வேறுபாடில்லை. அன்று விடிந்தபின் பண்டாரவன்னியன் என்னவானான் என்பதிலேயே வழி இரண்டாகப் பிரிகின்றது.

மக்களிடையே பெருவழக்காயுள்ள கதை இது. காக்கைவன்னியன் என்னும் உறவினன் பண்டாரவன்னியனின் தங்கையை மணமுடிக்க விரும்பினான். மறுக்கப்பட்டான். அவமானம் பொறாது ஆங்கிலேயரோடு கூடினான். நண்பன்போல் நடித்துப் பண்டாரவன்னியனைக் கற்சிலைமடுவிற்கு வரச்செய்தான். அங்கே மறைந்திருந்த படை சூழ்ந்துகொள்ள, வீரன் பொருது களத்தில் மாண்டான். முல்லைமணி அவர்களின் நாடகம் இக்கதையை ஈழத்து மேடைகளிற் பரப்பிற்று. கலைஞர் கருணாநிதியின் புதினம் தமிழகத்து வாசகரிடையே கொண்டு சென்றது. பாடசாலைக் கலைவிழாக்களில் காக்கைவன்னியன் வேடம் புனைந்த மாணவன், விழா முடிந்து பல நாளாகியும் அப்பெயரால் எள்ளப்படுதலை வன்னி ஆசிரியர் அறிவர். கதைக்கு அத்துணை ஆற்றலுண்டு.

ஆயின் காக்கைவன்னியன் என்னும் பெயர் நமக்குப் புதிதன்று. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையில் அப்பெயருடையான் ஒருவன் வருகின்றான். அவன் சங்கிலி மன்னனுக்கு மாறாகப் பறங்கியரை அழைத்து வந்தவன். சங்கிலி வீழ்ந்தது பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில். பண்டாரவன்னியன் வீழ்ந்ததோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 180 ஆண்டுகள் கிடக்கின்றன. சங்கிலியைக் காட்டிக்கொடுத்தவன் பெயரும் பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்தவன் பெயரும் ஒன்றாயிருத்தல் தற்செயலெனக் கொள்வதினும், பழைய கதையினின்றும் புதிய கதைக்குப் பெயர் குடிபெயர்ந்தது எனக் கொள்வதே பொருத்தமாகும். வீரன் வீழ்ந்தான் எனின் உடனிருந்தவன் ஒருவன் காட்டிக்கொடுத்தே வீழ்ந்திருத்தல் வேண்டும் என மக்கள் உள்ளம் எண்ணும். அவ்வெண்ணம் எழுந்தவுடன் நாவில் ஆயத்தமாக நின்ற பெயர் காக்கைவன்னியன். இரண்டகர்க்கு அது பெயர்ப்பொருளினின்றும் கழன்று பண்புப்பெயராகவே ஆகிவிட்டது.

காட்டிக்கொடுப்பு யாதும் நிகழவில்லை என்று சாதித்தல் நம் நோக்கமன்று. காட்டினுள் ஒருவன் தங்கியிருந்த இடத்தை அந்நியப்படை விடியுமுன் சென்றடைந்தது எனின், வழிகாட்டியவர் எவரோ இருந்திருத்தல் கூடும். அவர்க்கு நாம் சூட்டிய பெயர் பழங்கதையின் பெயர் என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

கல்லில் உள்ள சொல்

இனிக் கல்லிற்கு வருவோம். போர் நிகழ்ந்த இடத்தைக் குறித்து ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திற் கற்சிலைமடுவில் ஒரு கல் நாட்டப்பட்டது. அதிற் பொறிக்கப்பட்டிருந்த ஆங்கில வாசகத்தின் பொருள் மிகச் சுருக்கமானது. இவ்விடத்துக்கு அண்மையில், கப்டன் வொன் டிறிபேக் என்பவன், பண்டாரவன்னியனை, 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி தோற்கடித்தான் என்பதே அதன் சாரம்.

தோற்கடித்தான் என்பதே அங்குள்ள வினை. கொன்றான் என்பதன்று; வீழ்த்தினான் என்பதுமன்று. தோற்றல் வேறு, இறத்தல் வேறு என்பதை இலக்கணம் பயிலாத சிறுவனும் அறிவான். எனினும் அக்கல்லைப் படித்த நாம், அச்சொல்லினுள் இல்லாத சாவை உள்ளே வைத்துப் படித்தோம். திகதி கல்லில் இருந்தமையால் அத்திகதியே இறந்த திகதியாயிற்று. இடமும் இருந்தமையால் அவ்விடமே உயிர் பிரிந்த இடமாயிற்று. ஆங்கிலநாட்டுக் காட்டிற் கல் செய்ததை இங்கும் கல் செய்தது.

எழுதியவன் பகைவன் என்பதையும் சிந்தித்தல் வேண்டும். பகைத் தலைவனைக் கொன்ற வெற்றியை மறைத்துத் தோற்கடித்ததாக மட்டும் அடக்கிச் சொல்லும் வழக்கம் ஆங்கிலேயர்க்கில்லை. கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது ஏனைப் பாளையக்காரரை அழைத்து அவர் கண்முன்னே அது செய்தனர். தாம் அடக்கிய தலைவனின் சாவை ஊரறியச் செய்தல் அவர்தம் ஆட்சி முறையின் ஒரு கூறு. கோட்டையைப் பறிகொடுத்து ஓடியவனாகிய டிறிபேக் தன் பகைவனைத் தன் படையாற் கொன்றிருப்பின், அக்கல்லில் அவன் பெயரோடு அப்புகழும் ஏறியிருக்கும். ஏறாமை ஒரு சான்று.

பின்வந்த ஆவணங்கள் மற்றொரு சான்று. வன்னியில் ஆங்கில அரசின் கலெக்டராயிருந்த டேணர் என்பாரின் குறிப்புக்களையும் அக்காலத்து அரசாங்கக் கடிதங்களையும் கொண்டு வன்னி வரலாற்றை ஆராய்ந்தோர், கற்சிலைமடுப் போரின் பின்னரும் பண்டாரவன்னியன் உயிரோடிருந்தான் எனக் கொள்வர். 1810இல் நிகழ்ந்த மற்றொரு மோதலில் அவன் புண்பட்டான் என்றும், 1811இல் பனங்காமப் பற்றில் உயிர் நீத்தான் என்றும் அவர் கூறுவர்.

நிலமும் இக்கூற்றிற்குத் துணை நிற்கின்றது. வன்னியின் தெற்கெல்லையாகிய நுவரகலாவிய அந்நாளிற் கண்டியரசின் பகுதி. கண்டியரசு 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம்வரை ஆங்கிலேயர் கைப்படவில்லை. எனவே 1803இல் தோல்வியுற்ற ஒருவனுக்குத் தெற்கே திறந்த வாயில் ஒன்று இருந்தது. அவ்வாயிலைக் கடந்து செல்லவும், காலம் வாய்த்தபோது காட்டுவழியே மீளவும், அவனுக்குப் பெருமுயற்சி வேண்டியதன்று. கட்டபொம்மனும் காட்டினுள் ஒளித்தான். ஆயின் அவனைச் சூழ்ந்திருந்த சிற்றரசர் ஆங்கிலேயர்க்கு நட்பினராகிவிட்டமையின் பிடிபட்டான். பண்டாரவன்னியனுக்கு அண்டை நாடு ஆங்கிலேயரின் பகை நாடாயிருந்தது. இருவர்தம் முடிவும் வேறுபட இதுவே காரணமாகலாம்.

இவை யாவற்றையும் ஒருங்கு வைத்து நோக்கின், கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் தோற்றான், இறந்திலன் எனக் கோடலே சான்றுகளுக்கு இயைவதாகும். ஹரோல்டு மன்னன் களத்தில் இறந்தான் என ஏடு கூற, வாழ்ந்தான் என மக்கள் கூறினர். பண்டாரவன்னியன் வாழ்ந்தான் என ஏடு கூற, களத்தில் இறந்தான் என மக்கள் கூறினர். தலைகீழாக நிகழ்ந்தது என மேலே குறித்தது இதுவே.

நடுகல்லான வெற்றிக்கல்

மக்கள் ஏன் இவ்வாறு கூறினர்? தம் தலைவன் இன்னும் எட்டாண்டு வாழ்ந்தான் என்பதில் மகிழாது, அவனை ஏன் அன்றே இறக்கவிட்டனர்? இவ்வினாவிற்கு விடை நம் பழைய மரபிலேயே உண்டு.

போரில் விழுப்புண்பட்டு வீழ்ந்தார்க்குக் கல் நாட்டுதல் தமிழர் வழக்கு. கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது ஈறாக அதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. அக்கல்லில் வீரனின் பெயரும் பீடும் பொறிக்கப்படும். ஊரார் பூவும் புகையும் இட்டு வணங்குவர். ஆதலின் வீரன் ஒருவன் பெயர் தாங்கிய கல் காட்டினிடையே நிற்கக் கண்டால், அவன் அங்கே வீழ்ந்தான் எனக் கொள்ளுதல் தமிழ் நெஞ்சிற்கு இயல்பாயிற்று. வென்றவன் தன் வெற்றியைக் குறிக்க நாட்டிய கல் என அதனை ஆங்கிலேயர் கண்டனர். தம் வீரன் பெயர் எழுதிய கல் என அதனை நம்மவர் கண்டனர். டிறிபேக்கின் பெயரும் அங்கே இருந்தது. அதனை எவரும் பொருட்படுத்திற்றிலர். வெற்றிக்கல்லை நாட்டியவர் கையினின்றும் வாங்கி, ஒரு சொல்லையும் மாற்றாமலே, நடுகல்லாக்கிக் கொண்டனர் வன்னி மக்கள். வாளின்றி வென்ற வெற்றி அது. 2009இல் போர் ஓய்ந்தபின் அக்கல் சிதைவுற்றபோது, சிதைந்தது ஆங்கிலேயனின் கல் என எவரும் எண்ணவில்லை; பண்டாரவன்னியனின் கல் என்றே வருந்தினர்.

அவ்வெற்றிக்கு நாம் கொடுத்த விலையும் உண்டு. நடுகல் வேண்டுமாயின் சாவு வேண்டும். சாவை 1803இல் வைத்தமையால், அதன் பின்னுள்ள ஏழெட்டு ஆண்டுகள் நம் நினைவினின்றும் உதிர்ந்துபோயின. கோட்டையை வென்றது பெருஞ்செயலே. ஆயினும், எல்லாம் இழந்தபின் காட்டினுள் ஆண்டுக்கணக்காக அலைந்தும், துணைவர் ஒவ்வொருவராய்க் குறையக் கண்டும், பணிந்து வாழும் வாழ்வை ஏலாது நின்றதாயின், அஃது அதனினும் அரிய செயலன்றோ? முல்லைத்தீவில் அவன் காட்டியது ஆண்மை. அதன்பின் காட்டியது பொறை. முன்னையதை நாடகமாக்கினோம். பின்னையதைப் பாட ஒருவரும் இலர். பகலிற் பொருத வீரனுக்குப் பல சிலைகள் உண்டு. இரவில் ஊர்மாறி ஊர்மாறி உறங்கியவனுக்கு ஒரு வரியும் இல்லை.

மற்றுமொரு விலை. களச்சாவிற்குக் காரணம் வேண்டியே இரண்டகன் ஒருவனை ஆக்கினோம். தோல்விக்கு உண்மைக் காரணங்கள் வெளிப்படையானவை. மூன்று திசைப் படை, துப்பாக்கியிற் பயின்ற வீரர், கடல்வழிப் போக்குவரவு என்பன ஒருபால். காவலின்றித் தங்கிய ஒரு வைகறை மற்றொருபால். இவற்றைக் கணக்கிட்டு நோக்குதல் மாணவர்க்குப் படிப்பினையாகும். எல்லாவற்றையும் ஒருவன் தலைமேற் சுமத்திவிட்டால் கணக்குப் பார்க்கும் வேலை நமக்கில்லை. உறவினனை ஐயுறும் பழக்கம் மட்டுமே எஞ்சும்.

நாள் அறியாதார் நாள்

வவுனியா நகரிற் பண்டாரவன்னியன் சிலை நிற்கின்றது. ஆண்டுதோறும் ஓகஸ்ட் 25ஆந் திகதி அதற்கு மாலை சூட்டப்படுகின்றது. வீரர்க்கு இறந்த நாளில் விழாவெடுத்தல் உலக வழக்காயிருக்க, இவனுக்கு வென்ற நாளிலே விழாவெடுக்கப்படுகின்றது. ஆராய்ந்து செய்தனரோ, இயல்பாய் அமைந்ததோ, அது மிகப் பொருத்தமானது. ஒக்டோபர் 31 அவன் தோற்ற நாள் மட்டுமே. மறைந்த நாளோ பனங்காமத்துக் காட்டிற்கே தெரியும். ஐயத்திற்கு இடமின்றி அவனுக்கே உரிய நாள் ஓகஸ்ட் 25 ஒன்றே.

நம் சமயவழக்கில், இறந்த திதி அறியப்படாதார்க்கு அமாவாசையிற் பிதிர்க்கடன் ஆற்றுதல் உண்டு. அறியாமை கடனை நீக்காது என்பதே அவ்விதியின் கருத்து. தம்மவர் எந்த நாளில், எந்த இடத்தில் மறைந்தனர் என்பதை அறியாது, ஆடி அமாவாசையில் முல்லைத்தீவுக் கடற்கரையில் எள்ளும் நீரும் இறைப்போர் இன்று வன்னியில் மிகப் பலர். அவர்க்கு இவ்வாராய்ச்சியின் பொருளை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாளும் இடமும் ஐயமின்றித் தெரியாதபோது, தெரிந்ததாகக் கூறும் கல்லைக் காட்டிலும் தெரியாதெனக் கூறும் சொல்லே மேலானது என்பதை அவர் நன்கறிவர்.

வரலாறு கற்கும் மாணவர்க்கு ஒரு பணி காத்திருக்கின்றது. 1803க்குப் பிற்பட்ட ஆங்கில அரசாங்கக் கடிதங்களும் நாட்குறிப்புக்களும் ஆவணக் களரிகளிற் கிடக்கின்றன. பனங்காமத்தைச் சூழ்ந்த ஊர்களில் முதியோர் வழங்கும் இடப்பெயர்களும் கதைகளும் மறையுந் தறுவாயில் உள்ளன. இரண்டையும் ஒருங்கே கூட்டி, கற்சிலைமடுவிற்கும் பனங்காமத்திற்கும் இடைப்பட்ட காட்டுவழியை அவர் தேடிக் காணல் வேண்டும். அவ்வழியில் நடந்தவன் வாளைக் காட்டிலும் கோலூன்றியிருத்தலுங் கூடும். புண்பட்டுத் தளர்ந்திருத்தலுங் கூடும். எனினும் அவன் பண்டாரவன்னியனே. முல்லைத்தீவில் அவனுடன் 67 நாள் நின்றோம். எஞ்சிய ஆண்டுகளிலும் அவனுடன் நடத்தல் நம் கடன்.